பால் பிடித்த நெல்லைப் பிடுங்கிய காலை

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியாள் வருகிறார் என்றால் போதும், கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. பெண் பார்க்க வந்தாலும் சரி, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தாலும் சரி. அந்த வியாதிதான் எங்கள் நிலத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடை இறங்கும் பள்ளத்தில் எங்கள் வயல்கள் இருக்கின்றன. ஒரு குன்றைக் கிரானைட் குவாரி ஏற்கெனவே பாதி தின்றுவிட்டது. கல் அறுக்கும் ரம்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீர் கல்மாவோடு ஓடையில் கலந்து, வாய்க்கால் வழியாக எங்கள் வயலுக்குத்தான் வரும். இப்போது ஓடை பிறக்கிற அடுத்த குன்றையும் கேட்டிருக்கிறார்கள். அதனால் பாசன நிலத்துக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்க ஓர் ஆய்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள். பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டால் குன்றும் போகும், ஓடையும் போகும், எங்கள் நெல்லும் போகும்.

அதற்கு முந்தின நாள், ராயக்கோட்டை மண்டியில் தக்காளியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். வாய்க்கால் பளபளவென்று இருந்தது. கரையெல்லாம் ஒட்டிக்கிடந்த சாம்பல் நிறக் கல்மாவை ஒரு பிடி விடாமல் வழித்து, டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டியிருந்தார்கள். முன்னால் நின்று செய்தவள் என் ஓரகத்தி.

“என்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஆபீசருங்க வர்றாங்க இல்ல? நாலு பேரு பாக்கற எடம் அசிங்கமா கெடக்கலாமா? நம்பள என்னான்னு நெனப்பாங்க?”

அழுவதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. காட்ட வேண்டியதே அந்த அசிங்கத்தைத்தானே! ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் வேறு, “நாளைக்கு வாய வெச்சிக்கினு சும்மா இரு” என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குழு வந்தது. தலைமை அதிகாரி ஒரு பெண். கூடவே குவாரி மேனேஜரும் வந்திருந்தார். இரண்டு நாளாக ரம்பத்தை நிறுத்திவைத்திருந்ததால் தண்ணீர் தெளிந்து ஓடியது. அதிகாரி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா மேடம், வாய்க்கால் எவ்ளோ சுத்தம்!”

என் ஓரகத்திக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது.

அவர்கள் ஜீப்பைப் பார்த்துத் திரும்பியதும் நான் மம்முட்டியோடு என் வயலில் இறங்கினேன். நெல் பால் பிடித்து நின்றது. அந்தப் பருவத்தில் பயிரை மிதிக்கக்கூட எங்களுக்கு மனசு வராது. நடுவில் போய் நின்று, கைக்கு அகப்பட்ட தூர்களை இரண்டு கையாலும் பிடுங்கினேன். கரையில் நின்ற பெண்கள் “ஐயோ” என்று கத்தினார்கள். சத்தம் கேட்டு அதிகாரி திரும்பி வரப்புக்கு வந்தார். பெற்ற பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்தது போல எனக்கு இருந்தது. ஆனாலும் விடவில்லை. பிடுங்கிய இடத்தில் மம்முட்டியைப் போட்டு வெட்டினேன். மேலே சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஓர் அடை, அதற்குக் கீழேதான் எங்கள் செம்மண். வேர்கள் அடையைத் தாண்டி இறங்க முடியாமல் பக்கவாட்டில் படர்ந்திருந்தன.

“வாய்க்கால கழுவிட்டோம் மேடம். இத எப்படிக் கழுவறது?” என்றேன்.

மேனேஜர் சும்மா இருப்பாரா? “ஒரு எடத்த வெச்சி முடிவு பண்ணாதீங்க மேடம். அந்தம்மாவே கொண்டாந்து கொட்டியிருக்கும்” என்றார்.

அவ்வளவுதான். ஓரகத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் வயலில் இறங்கினாள். அவள் பயிர் என்னுடையதைவிடச் செழிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். பிறகு மற்றவர்களும் அவரவர் வயலில் இறங்கினார்கள். வெட்டின இடமெல்லாம் அதே சாம்பல் அடை. அதிகாரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, வயல் வயலாகப் பார்த்துப் படம் எடுத்தார்.

கரையேறியதும் என்னிடம், “நஷ்டஈடு கெடைக்கிற மாதிரி எழுதட்டுமாம்மா?” என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களில் யார் வீட்டிலும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாம் மேடம். அந்தக் குன்னத் தொடக்கூடாதுன்னு எழுதுங்க. தொட்டா நாங்க குறுக்க நிப்போம்னு அதையும் சேத்து எழுதுங்க.”

அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

முடிவு இன்னும் வரவில்லை. அறுப்பு முடிந்து, போன வாரம் அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் தயார் செய்து விதைக்கப் போனேன். அந்த வழியாக வந்த மேனேஜர் வண்டியை நிறுத்தினார்.

“அடுத்த போகத்துக்கு ஓடையில தண்ணி இருக்குமோ என்னமோ. எதுக்கும்மா வெதய வீணாக்கற?”

“நாத்து வுடறது எங்க வேல. தண்ணிக்கு வழிய வுடறது உன் வேல” என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முளை கட்டின நெல்லை வீசினேன்.