காதுகுத்து அன்று வந்த அப்டேட்

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த வாரம் கம்பெனி சர்வர்களுக்கு நான்தான் ட்யூட்டி என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. மலைக்குப் போகிறேன் என்பதை மேனேஜரிடம் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் எங்கே இருக்கிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர்தான்.

வேன் மலையேறி முடித்ததும் மேனேஜரின் ஏழு மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழுந்தன. சர்வருக்கு அடித்தளமான கெர்னலில், நெட்வொர்க்கில் வருவதை வாங்கிப் பிரிக்கும் இடத்தில் ஒரு ஓட்டையாம். தாறுமாறாகக் கட்டிய ஒரு டேட்டா பாக்கெட்டை அனுப்பினால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் எவனும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். எங்களிடம் இருந்ததோ நாலைந்து ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள். அப்டேட் போட்டு இரண்டு சர்வர்களையும் ரீபூட் செய்ய வேண்டும். “ரெண்டு நிமிஷ வேலை சார்” என்று பதில் போட்டேன்.

கோயிலில் சிக்னல் இல்லை. சற்றுத் தள்ளி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மேடையில் மட்டும் இரண்டு கோடு காட்டியது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லேப்டாப்போடு அங்கே உட்கார்ந்தேன். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். முதல் சர்வர், வெறும் வெப்சைட் இருப்பது, அதற்கே அரைமணி நேரம் போனது. ரிசல்ட்டெல்லாம் இருந்தது இரண்டாவதில்.

அக்கா வந்து நின்றாள். “இன்னாடா பண்ணிக்கினு இருக்க இங்க? பத்தரைக்கு ராகுகாலம்.”

“பத்து நிமிஷம்க்கா.”

“எத்தினி பத்து நிமிஷம்?”

என் அக்கா கோபம் வந்தால் கத்த மாட்டாள், ஏற்பாடு செய்வாள். சற்று நேரத்தில் சீர்த் தட்டுகள், ஆசாரி, மேளம், போட்டோகிராபர், முப்பது சொந்தக்காரர்கள் என்று மொத்த விசேஷமும் தொட்டியை நோக்கி நடந்து வந்தது. வாழைப்பழத் தட்டுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

“வலிக்கவே வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்” என்றேன். மேனேஜருக்குப் பதில் போட்ட அதே தோரணை. சொல்லிக்கொண்டே இரண்டாவது சர்வருக்கு ரீபூட் கொடுத்தேன். ஆசாரி குத்தினார். குழந்தை அலறியது, அதை அமுக்க மேளக்காரர் வெளுத்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன்.

“அங்க என்னங்க சத்தம்?”

“பக்கத்து வீட்ல விசேஷம் சார்.”

இரண்டாவது காதும் குத்தியாயிற்று. சர்வர் எழுந்திருக்கவில்லை. மூன்று நிமிடத்தில் வரவேண்டியது, எட்டு நிமிடமாகியும் பேச்சு மூச்சில்லை. என் வேலை போவது இருக்கட்டும், எங்கோ ஒரு நோயாளியின் ரிசல்ட்டுக்காக டாக்டர் காத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “மாமா, ஆடாம உக்காருங்க, தோடு போடணும்” என்றார் ஆசாரி. குழந்தையைவிட நான்தான் அதிகம் நடுங்கினேனாம்.

பதினோராவது நிமிடம் சர்வர் எழுந்தது. தாமதத்துக்குக் காரணம் அது ரீபூட்டின்போது தன் டிஸ்க்கைத் தானே சரிபார்த்துக்கொண்டதுதான். அதுவரை போனை வைக்காமலே இருந்த மேனேஜர் பெருமூச்சு விட்டார். “எல்லாம் வந்துடுச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை ரொம்ப நேரமா மாமா, மாமான்னு உங்களையே கூப்பிடுது. போய்ப் பாருங்க.”

அப்போது எடுத்த போட்டோ இப்போது அக்கா வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் குழந்தை அழுகிறது, அதற்குமேல் நான் அழுகிறேன். லேப்டாப்பை போட்டோகிராபர் படத்திலிருந்து வெட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, “தாய்மாமன் பாசத்தப் பாருங்க” என்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பதோடு சரி.

போன மாதம் போயிருந்தபோது மருமகள் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டாள். “எனக்கு வலிச்சிதுன்னுதான் நீ அழுதியா, மாமா?”

ஆமாம் என்றேன். உடனே மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.