சிவப்புப் பட்டையில் கெமிஸ்ட்ரி

துபாய் கராமாவில் எங்கள் வீட்டு ஹாலில், சாமி படத்துக்கும் ஏசிக்கும் நடுவே, என் அடுத்த இரண்டு வருடங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் ப்ளானிங் என்ஜினியர். எந்த வேலை எப்போது தொடங்கும், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று நீள நீளமான பட்டைகளாக வரைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். முப்பது மாடிக் கட்டடத்துக்குச் செய்வதைப் பெற்ற மகளுக்குச் செய்யக்கூடாதா என்று கேட்டு, ஆபீஸில் சுவரளவு காகிதத்தில் என்னையும் அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். டாக்டராக வேண்டும் என்பது ஆசை. அமெரிக்காவில் ஆக வேண்டும் என்பது பிடிவாதம். கலிஃபோர்னியாவில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இருந்தார். அவர் வீட்டில் தங்கி, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து, அங்கிருந்து ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்வது என்று திட்டம். மருத்துவக் கல்லூரி அதற்கெல்லாம் பிறகுதான். ப்ரீ-மெட் என்பது தனிப் பட்டம் இல்லை, டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய பாடங்களை முன்கூட்டியே படித்து வைப்பது என்று பர் துபாய் கோயிலில் சந்தித்த ஒவ்வொருவருக்கும் விளக்கி அம்மா ஓய்ந்துபோனாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்ப எம்பிபிஎஸ் இல்லையா என்று பரிதாபமாகக் கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அம்மா என் கையைக் கிள்ளுவாள்.

அம்மாவுக்கே இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. தேராவில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். டாக்டர்களை அன்றாடம் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். மகள் டாக்டராவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு இத்தனை தூரம் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. திருச்சிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பத்தை வரவழைத்து, பூர்த்தியும் செய்து, ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். பல நாள் சண்டைக்குப் பிறகு ஒரு உடன்பாடு ஏற்பட்டது. தம்பி வீட்டில் இரண்டே வருடம். அது மூன்றாகும் என்று தெரிந்தால் அந்த நிமிடமே திருச்சி. அப்பாவும் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டோம்.

காரணம், சுவரில் பட்டைகள் கச்சிதமாக இருந்தன. நடுவில் சிவப்பாக ஓடியது கெமிஸ்ட்ரி. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் இரண்டு செமஸ்டர். ஒன்று முடியாமல் அடுத்ததில் உட்கார விடமாட்டார்கள். ஆக நாலு செமஸ்டரும் அதற்கே சரி. பயாலஜியும் கணக்கும் ஃபிசிக்ஸும் கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம். சிவப்பு மட்டும் ஒரு நாள்கூட நகரக்கூடாது. நகர்ந்தால் இரண்டு வருடம் மூன்றாகிவிடும். அப்பா ஸ்கேலால் அந்தப் பட்டையைத் தட்டித் தட்டி இதை விளக்கும்போது, நான் ஒரு மேம்பாலம் போலவும் என்னை முனிசிபாலிட்டிக்கு ஒப்படைக்கப் போவது போலவும் இருக்கும். என் தூக்கத்துக்குக்கூட ஒரு பட்டை போட்டிருந்தார், சாம்பல் நிறத்தில். அதை நான் பேனாவால் நீட்டி வைத்தேன். மறுநாள் அவர் அழித்துப் பழையபடி வைத்திருந்தார்.

பிறகு வாரக் கால அட்டவணைக்கு வந்தோம். ஒரே பாடத்தைக் கல்லூரியில் பல பிரிவுகளாக, வெவ்வேறு நேரங்களில் நடத்துவார்கள். நாமே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் கெமிஸ்ட்ரிக்கு ஐந்து பிரிவுகள் இருந்தன. அவற்றில் நாலுக்கு லேப் வெள்ளிக்கிழமை. அப்பா அந்த நாலையும் ஒரே இழுப்பில் அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பெல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கிறவர்களுக்கு. முழுநேர மாணவி என்று விசா வாங்கிப் போகிற பெண் அதில் சேர்ந்தால் விசாவுக்கே சிக்கல் வரலாம் என்றார். அவரே சில வருடம் முன்பு அப்படித்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போய் ஒரு டிப்ளமா வாங்கியிருந்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. லீவு நாளில் எந்தக் கல்லூரி வகுப்பு வைக்கும்? செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் அந்த ஐந்தாவது பிரிவைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம்.

பதிவு அங்கே காலை எட்டு மணிக்குத் திறக்கும். இங்கே மாலை ஏழு. அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பயாலஜி கிடைத்தது. கணக்கு கிடைத்தது. இங்கிலீஷும் கிடைத்தது. வட்டமிட்ட கெமிஸ்ட்ரியை அழுத்தினேன். இடமில்லை என்று வந்தது. பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி அழுத்தினேன். இடமில்லை. பழைய மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்பே பதிவு திறந்துவிட்டதாம். மாலைப் பிரிவு அன்றைக்கே நிரம்பியிருந்தது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கையில் கிடைத்து, ஒரே ஒரு பாடத்தால் போகப் போகிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா மெதுவாக, அம்மாவிடம் கொடுத்த வாக்கு வாக்குதான் என்றும், நாளைக்கே திருச்சி விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்.

எட்டரை மணிக்கு அம்மா டியூட்டி முடிந்து வந்தாள். தோளில் இருந்த பையை இறக்காமலே எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அதற்காக அவள் மேல் முன்கூட்டியே கோபப்பட்டும் வைத்திருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இதுல பதினோரு இடம் காலின்னு போட்டிருக்கே."

அது வெள்ளிக்கிழமை லேப் என்று அப்பா சலிப்போடு சொன்னார். லீவு நாள் வகுப்பு, நமக்குச் சரிப்படாது என்றார்.

"அந்த ஊர்ல வெள்ளிக்கிழமை எதுக்குங்க லீவு விடப் போறாங்க?"

அப்பா குனிந்து அந்த வரியைத் தானும் படித்தார். துபாயே வியாழன்-வெள்ளியிலிருந்து வெள்ளி-சனிக்கு விடுமுறையை மாற்றிக்கொண்ட புதிது அது. மாறிய பிறகும் வெள்ளிக்கிழமை லீவாகத்தான் இருந்தது, ஞாயிறு வேலை நாளாகத்தான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. சுவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையிலும் என்னைக் கலிஃபோர்னியாவில் வகுப்புக்கு அனுப்பிவைத்திருந்தார் அப்பா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "இருவது வருஷமா நான் வெள்ளிக்கிழமை டியூட்டி பாக்குறேன். உங்க ரெண்டு பேருக்கும் அது வேலை நாள்னு தோணவே இல்ல, பாத்தீங்களா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சும்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை காலைகளில் அப்பாவும் நானும் பத்து மணி வரை தூங்கி, கீழே ஹோட்டலிலிருந்து பூரி வரவழைத்துச் சாப்பிடுவோம். அப்போது அவள் தேராவில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"நின்னுக்கிட்டே இருக்க? அழுத்து. அதுவும் போயிடப் போவுது."

அழுத்தினேன். இடம் கிடைத்தது.

சாப்பிடும்போது அப்பா வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து, கிழமைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு ரசம் ஊற்றினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் போகக் கூடாதென்றுதானே நினைத்தாய், பேசாமல் இருந்திருக்கலாமே என்றேன்.

"இருந்திருக்கலாம்தான்" என்றாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது; குனிந்து சாதத்தைப் பிசைந்தேன்.

கொஞ்சம் கழித்து, அந்த லேப் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, இங்கே ராத்திரி ஏழிலிருந்து பத்து என்றேன். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் போன் பண்ண மாட்டேன். நீ டியூட்டியில இருப்ப. முடிச்சிட்டு நீ கூப்பிடு, நான் முழிச்சிருக்கேன்."