காப்பகத்தின் முதல் வாசகி

போன வாரம் பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மனைவி முகம் சுளித்தாள். எனக்கோ பசி எடுத்தது. தொண்ணூறுகளில் ஆவணக் காப்பகத்தில் அந்த வாசனைக்கு நடுவில்தானே டிபன் பாக்ஸைத் திறப்போம்!

பழைய காகிதங்களுக்கென்றே கட்டிய கட்டடம் அது. தடித்த சுவர், வெயில் நேராக விழாத ஜன்னல், வரிசை வரிசையாக இரும்பு அலமாரி. எங்கெங்கோ கிடங்குகளில் கிடந்த கட்டுகளை லாரியில் கொண்டுவந்து அடுக்கினோம். பழைய கன்னடக் கையெழுத்தைச் சரளமாகப் படிப்பேன் என்று சொல்லித்தான் அங்கே தற்காலிக வேலை வாங்கியிருந்தேன். அதில் பாதி பொய்.

வாசிப்பறை திறந்து நான்கு நாளாகியும் ஈ காக்கைகூட வரவில்லை. ஐந்தாம் நாள் ஸ்ரீராம்புரத்திலிருந்து முனியம்மா வந்தார். இதே கட்டடம் எழும்பியபோது ஜல்லி சுமந்தவர். வருகைப் பதிவேட்டில் தொழில் என்ன என்று எழுத வேண்டும். கேட்டேன்.

"இந்த பில்டிங் கட்டுனவன்னு எழுதுப்பா."

அப்படியே எழுதினேன்.

அவருடைய அப்பா அரசுத் தோட்டத்தில் செடிகொடிகளைப் பார்த்துக்கொள்ளும் மாலியாக இருந்தவராம். அதெல்லாம் கல்யாணத்துக்காகச் சொன்ன கதை என்று மாமியார் இருபது வருஷமாகக் குத்திக்காட்டுகிறாராம். அரசாங்கத்துப் பழைய காகிதமெல்லாம் இங்கேதான் வரப்போகிறது என்று இன்ஜினியர் பேசியது காதில் விழுந்த நாளிலிருந்து, எப்போது திறப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

மூன்று நாள் தேடினேன். என் கன்னடம் பல்லிளித்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் பரிதாபப்பட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு பணியாளர் பதிவேட்டில் அவருடைய அப்பா அகப்பட்டார்: சின்னசாமி, காளியின் மகன், மாலி, மர்பி டவுன். முனியம்மா அந்த வரியைத் தொடவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பட்டுப் புடவை கட்டி, மாமியாரையும் வீட்டுக்காரரையும் அழைத்து வந்தார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர்தான் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்.

"சரி, இருக்காரு. தப்பா பேசிட்டேன்" என்றார் மாமியார். கொஞ்சம் தயங்கி என்னிடம், "எம் வூட்டுக்காரரு ரயில்வேல இருந்தாரு. அவரு பேரையும் தேடிக் குடேன்ப்பா" என்றார்.

ரயில்வே காகிதம் இங்கே வராது என்றேன். முனியம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

இப்போது பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பெயரைத் தட்டினால் பக்கம் திரைக்கு வந்துவிடுகிறது. நல்லதுதான், காகிதமும் நொறுங்குவதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் அப்பாவுக்காக ஏழெட்டுப் பேர் ஒரே பக்கத்தின்மேல் தலையை முட்டிக்கொண்டு நின்ற மத்தியானங்கள்தான் இல்லாமல் போயின.