அமெரிக்காவுக்கு எண்ணெய் போட்ட ஏழு வருஷம்

தையல் மெஷின் பழுது பார்க்கிறவனை எந்த வீட்டிலும் விருந்தாளியாக நினைப்பதில்லை. அதனாலேயே அந்த வீட்டின் நிஜமான பேச்சு அவன் காதில் விழும். கையில் ஸ்க்ரூடிரைவரோடு பிறர் வீட்டுத் தரையில் மண்டியிட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வது புரியும். நம் குனிந்த தலைக்கு மேலேதான் குடும்பங்கள் சண்டை போடும், அழும், உலக அரசியலையும் பேசித் தீர்க்கும்.

என் பெயர் ராஜமாணிக்கம். மெல்பர்னில் ராஜ். மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கோலாலம்பூரில் ஓர் அமெரிக்கத் தையல் மெஷின் கம்பெனியில் தொழில் பழகி, மெல்பர்னுக்கு டெக்னிக்கல் காலேஜில் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் எழுபத்திரண்டில் இங்கே அதே கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். எனக்கு அமெரிக்கா என்றால் அந்தக் கம்பெனிதான். அதன் பெயர் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்பதை நான் பத்திரிகையில் படிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன்.

கப்பலில் வந்த சீதனம்

மெல்பர்னின் ரிச்மண்ட் பேட்டையில் திமித்ரா என்று ஒரு கிரேக்கப் பெண்மணி. ஃபாக்டரியில் வெட்டிக் கொடுக்கும் துணியை வீட்டிலேயே சட்டையாகத் தைத்துக் கொடுப்பவர். எங்கள் கம்பெனி மெஷின் அவருடைய சீதனம். கிரேக்கத்திலிருந்து கப்பலில் வந்தபோது அதைக் கம்பளியில் சுற்றித் தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாராம். இப்போது அது கடகடவென்று சத்தம் போடுகிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று கணவர் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில் கணவரை வீட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, நான் வேலை செய்வதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடித்தட்டைக் கழற்றினேன். பல வருஷத்துப் பஞ்சுத் தூசு. அதற்குள் தளர்ந்துபோன ஒரு திருகு. துடைத்து, இறுக்கி, எண்ணெய் விட்டேன். பத்து நிமிஷ வேலை. மெஷின் ஓடும் சத்தமே வெளியே கேட்கவில்லை. அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கணவருக்கு, எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே கத்தினார்: “அமெரிக்கா உடையவில்லை! ஒரு திருகு தூங்கிவிட்டது, அவ்வளவுதான்!”

கறுப்பு நாடா

ஃபுட்ஸ்கிரேயில் ஹெலன் என்ற அம்மாள் வீட்டுக்குப் போனது அடுத்த வருஷம். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். மெஷினில் பழுது பெரிதாக ஒன்றுமில்லை, பெல்ட் தேய்ந்திருந்தது. ஆனால் மெஷினின் முதுகில் தங்க எழுத்தில் கம்பெனியின் பெயர் இருக்குமே, அந்த இடம் முழுக்கக் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. கீறல் விழுந்திருக்கும், அதை மறைத்திருக்கிறார் என்று நினைத்து, புதுப் பெயர் ஒட்டித் தருகிறேன் என்று என் பையைத் திறந்தேன்.

“வேண்டாம்” என்றார். அந்தக் குரலில் கை நின்றுவிட்டது. சுவரில் ராணுவ உடுப்பில் ஒரு பையனின் படம். பிறந்த தேதிகளைச் சீட்டுக் குலுக்கிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் தேதி விழுந்தது. அமெரிக்கர்கள் கூப்பிட்டார்கள், நம் ஆட்கள் போனார்கள் என்றார். வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். அந்தச் சண்டைக்கே போயிருக்கக் கூடாது என்று பிறகு தெருவில் ஊர்வலம் போனார்கள், இப்போது எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் அவருக்குச் சரியாகத்தான் படுகிறது. அப்படியானால் மகன் எதற்காகச் செத்தான்? அதைக் கேட்க அவருக்கு ஆள் இல்லை, பெல்ட் மாற்ற வந்தவனைத் தவிர. புது பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஓரம் கிளம்பியிருந்த நாடாவை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினேன். வாசல்வரை வந்து அவர் சொன்னார்: “மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ராஜ். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நேராகத் தைக்க முடியவில்லை.”

ஐஸ்கிரீம் டப்பா

இதற்குள் எங்கள் புது மாடல்களில் ஒரு மாற்றம் வந்திருந்தது. முன்பு இரும்பில் இருந்த ஒரு பல்சக்கரத்தை பிளாஸ்டிக்கில் செய்து அனுப்ப ஆரம்பித்தார்கள். தடித்த துணி தைத்தால் ஒரு வருஷத்தில் பல் உதிர்ந்துவிடும். நான் கழற்றிய உடைந்த சக்கரங்களை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா நிறைந்தது. எங்கள் மேனேஜர் கீத், ஆஸ்திரேலியக்காரர், நல்ல மனிதர். அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். ஆனால் சுவரில் புது நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்: வேறு கம்பெனியின் மெஷினை வாடிக்கையாளரிடம் புகழ்ந்து பேசுகிறவருக்கு இங்கே வேலை இல்லை.

அந்தச் சமயம் அமெரிக்காவிலிருந்து வால்டர் என்று ஓர் இன்ஜினியர் வந்தார். ஓய்வு பெறும் வயது. சர்வீஸ் எப்படி நடக்கிறது என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கீத் வேண்டாம் என்று கண்ணால் சொல்லியும், நான் டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டேன். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாக எடுத்து, மேஜையில் வரிசையாக வைத்தார். அந்த வயதில் ஒரு மனிதர் வெட்கப்படுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இரும்புச் சக்கரத்தை வரைந்தது நான். இதைச் செய்யும்போது என்னை யாரும் கேட்கவில்லை.”

ஜாக் வீட்டில்

எழுபத்தைந்து இருக்கும். பிரஸ்டனில் மார்கரெட் என்ற பெண் கல்யாண உடுப்பு தைத்துப் பிழைத்துவந்தாள். எங்கள் புது மாடல்தான் வைத்திருந்தாள். மூன்றாவது முறையாகப் பல் உதிர்ந்தது. சனிக்கிழமை கல்யாணத்துக்கு உடுப்பு பாதியில் கிடக்கிறது. மாற்றுச் சக்கரம் கப்பலில் வர வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று நான் சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஜப்பான் மெஷின் வாங்கியிருக்க வேண்டும்” என்றாள்.

அடுத்த அறையிலிருந்து அவளுடைய அப்பா ஜாக் வந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட்டவர். ஜப்பான் சாமான் எதுவும் அந்த வீட்டு வாசல் தாண்டக் கூடாது. “அமெரிக்கர்கள் வராவிட்டால் நான் உயிரோடு திரும்பியிருக்க மாட்டேன். அவர்கள் செய்ததில் எது நல்லது என்று சொல், அதை வாங்குவோம்” என்றார் என்னிடம்.

நோட்டீஸ் கண் முன்னால் வந்தது. மார்கரெட்டின் முகமும் வந்தது. “ஐயா, இப்போது நல்ல மெஷின் வேண்டுமென்றால் ஜப்பான்தான்” என்றேன்.

“அவர்கள் யார் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும். என் அப்பாவை எங்கள் தோட்டத்திலிருந்து அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். அப்போது எனக்கு மூன்று வயது. எப்படிச் செத்தார் என்றுகூடத் தெரியாது.”

ஜாக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். தமிழ்க் கூலிகளின் முகாம் தங்கள் முகாமுக்கு ஆற்றின் அந்தப் பக்கம் இருந்தது என்றார். காலரா வந்தபோது தங்களுக்காவது சொந்த டாக்டர் ஒருவர் இருந்தார், அவர்களுக்கு யாருமே இல்லை. மழையில் குழந்தை குட்டியோடு கிடந்தார்கள். ஒருநாள் அங்கே பாட்டுச் சத்தம் கேட்டது, அடுத்த வாரம் சத்தமே இல்லை. என் அம்மா முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். கையில் எண்ணெய் இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. மார்கரெட் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் பையை மூடி எழுந்தபோது ஜாக் என் தோளைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: “இவனே சொல்கிறான் என்றால் வாங்கிக்கொள். கண்ணில் படாமல் வை. அதன் சத்தம் காதில் விழுந்தால் பொறுத்துக்கொள்கிறேன்.”

கீத் கதவைச் சாத்தினார்

திங்கட்கிழமை நானே கீத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிறர் சொல்லித் தெரிவதைவிட அது மேல். வேலை போனால் மலேசியாவுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். கீத் முழுவதும் கேட்டார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: “என் பெண்டாட்டியும் போன மாதம் அதையேதான் வாங்கினாள். மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். நீ போய் வேலையைப் பார்.”

நூற்றுப் பத்து வோல்ட்

மல்கிரேவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டுக்காரர் இன்ஜினியர். அந்த அம்மாவை நான் அவர்கள் வழக்கப்படி அன்ரி (ஆன்ட்டி) என்றுதான் கூப்பிடுவேன். முதல்முறை போனபோது மெஷின் புத்தம்புதிது, பழுதே இல்லை. “தம்பி, இதை நூற்றுப் பத்து வோல்ட்டுக்கு மாத்தலாமோ?” என்று கேட்டார்.

“மாத்தலாம் அன்ரி, வேற மோட்டார் போடணும். இங்க கரண்ட் இருநூத்து நாப்பதாச்சே, எதுக்கு?”

“நாங்கள் இஞ்ச கன நாள் இருக்க மாட்டம். அங்கிளுக்கு அமெரிக்காவில வேலை வரப்போகுது. அங்க கரண்ட் நூற்றுப் பத்துத்தானே. என்ர தம்பி அங்க கார் ஃபாக்டரியில பெரிய ஆள்.”

கூடத்தில் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. திரைச்சீலைகூடப் போடவில்லை, போகிற ஊர் ஜன்னல் அளவு தெரியாதே என்றார். மோட்டாருக்கு எழுதிப் போட்டேன். அது வந்துசேர பல மாதம் ஆனது. எடுத்துக்கொண்டு போனபோது ஜன்னலில் நீலத் திரை தொங்கியது. அன்ரியின் கண் வீங்கியிருந்தது. அமெரிக்காவில் அந்தக் கார் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். சின்ன ஜப்பான் கார் வந்த பிறகு பெரிய காரை வாங்க ஆள் இல்லையாம். தம்பி வேலையில்லாமல் இருக்கிறார். அவரே இப்போது மெல்பர்னில் ஏதாவது கிடைக்குமா என்று கடிதம் எழுதியிருக்கிறார். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு அன்ரி மோட்டார்ப் பெட்டியை என் பக்கமே தள்ளினார்: “கொண்டுபோங்கோ தம்பி. இது இந்த ஊர்க் கரண்டிலேயே ஓடட்டும்.”

ஸ்பிரிங்வேல் ஹாஸ்டல்

எழுபத்தொன்பதில் எங்கள் சர்வீஸ் பிரிவை மூடினார்கள். மூலையில் கிடந்த பழைய மெஷின்களை என்ன செய்வது என்று கீத் கேட்டார். ஸ்பிரிங்வேல் ஹாஸ்டலில் வியட்நாமிலிருந்து படகில் வந்த அகதிகள் இருந்தார்கள். நல்லதாக ஐந்து மெஷின்களைச் சரிசெய்து அங்கே கொண்டுபோனோம்.

லான் என்ற பெண் தன் இரண்டு மகள்களோடு வந்தாள். சைகோனில் தையல்காரி. ஐந்தையும் வரிசையாக வைத்திருந்தோம்: யாரோ மாற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஜப்பான் மெஷின் ஒன்று, எங்கள் பிளாஸ்டிக் மாடல் இரண்டு, அதற்கு முந்தைய மாடல் ஒன்று, காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மெஷின் ஒன்று. ஒவ்வொன்றின் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். கடைசியில் பழைய கறுப்பு மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். அது அமெரிக்காவில் செய்தது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். கணவர் சைகோனில் அமெரிக்கர்களுக்கு டிரைவராக இருந்தவர். அமெரிக்கர்கள் ஊரைக் காலிசெய்த கடைசி நாட்களில், குடும்பத்தோடு இந்தத் தெரு முனையில் நில்லுங்கள், பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று சொன்னார்களாம். பெட்டியோடு இரண்டு பகல் நின்றார்கள். பஸ் வரவில்லை. பிறகு, சைகோனைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் கணவரை முகாமுக்குக் கொண்டு போனார்கள். இன்றுவரை கடிதம் இல்லை.

அப்படியும் இந்த மெஷினா என்று நினைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவள் ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தாள். தையல் கோடு போட்ட மாதிரி விழுந்தது. கீத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாக என்னைக் கேட்டாள்: “நான் மிதித்தால் இது வரும், இல்லையா?”

இப்போது ஜப்பான் கம்பெனியின் பையைத் தூக்குகிற என்னிடம், அமெரிக்கா இன்னும் முதலிடத்தில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், கதவைத் திறக்கிற பெண் “வந்துவிட்டாயா” என்கிறாளா “மறுபடியும் நீயா” என்கிறாளா என்று எந்தப் பெரிய தலைவருக்கும் முன்னால் மெஷின் ரிப்பேர்க்காரனுக்குத்தான் தெரியும் என்பதுதான்.