கீழ்வரிக்கு வரைந்த எழுத்து

கனகலட்சுமிக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நின்று நின்று கால் கடுத்துப்போய், படப்பையில் ராஜாமணியின் டி.டி.பி. கடைக்கு வந்து சேர்ந்தவள். வேலை என்னவோ கல்யாணப் பத்திரிகையும் மனை விற்பனை நோட்டீசும்தான். ஆனால் அவளுக்கு எழுத்துப் பைத்தியம். ஏதோ ஒரு சென்ட் டப்பாவில் ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டாள். நிற்கும் கால்கள் தடித்து, குறுக்குக் கோடுகள் முடிபோல் மெலிந்து, முனைகளில் சின்னப் பாதம் வைத்து, என்ன ஒய்யாரம்! தமிழும் இப்படி நின்றால் என்ன? அன்று பிடித்த கிறுக்கு இரண்டு வருஷம் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் 'ஆ'வைச் சுழித்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

2003 ஆவணியில், மண்ணூர் முனியம்மாள் மகளின் கல்யாணப் பத்திரிகையில் அந்த எழுத்து முதன்முதலாக வெளியே வந்தது. மெரூன் அட்டையில் தங்க மை. மணமக்கள் பெயர் நகை போட்டதுபோல் மின்னியது. முனியம்மாள் பூரித்துப்போய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள்.

மறுவாரம் அவள் தம்பி தணிகாசலம் கடைக்குள் பாய்ந்து வந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன்.

"இன்னாம்மா இது? எம்பேரு இருக்க வேண்டிய எடத்துல குச்சி குச்சியா இன்னாமோ நிக்குது! மாமனுக்கு இதான் மரியாதையா? நான் சீரு வைக்க வரமாட்டேன். அக்கா வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

கனகலட்சுமி அட்டையைக் கண்ணருகே பிடித்தாள். பெரிதாக வரைந்ததையே சுருக்கிக் கீழே சொந்தக்காரர் பெயர்வரிக்கு வைத்திருந்தாள். அந்தப் பொடி அளவில் மெல்லிய கோடுகளுக்கு மை, அச்சடிக்கும் ஸ்கிரீன் துணி வழியே இறங்கவே இல்லை. தடித்த கால்கள் மட்டும் நின்றன. மேலே இருந்த பெயரை நூறு தடவை ரசித்தவள், கீழ்வரியை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. பத்திரிகை கைக்கு வந்ததும் சொந்தபந்தம் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தானே!

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. அக்காவக் கோவிச்சுக்கிடாதீய. எல்லாத்தையும் புதுசா அடிச்சுத் தாரேன்."

"குடுத்தது குடுத்தாச்சு. ஊரே சிரிக்குது" என்று அவர் கிளம்பிவிட்டார்.

பொடி எழுத்துக்கென்று அவள் தனியாக வரைந்தாள். மெல்லிய கோட்டைத் தடிக்க வைக்கும்போதெல்லாம், ஆசையாய் வளர்த்த பிள்ளைக்குக் கோணி உடுத்துவதுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஸ்கிரீனில் தங்க மை போட்டு இழுத்துப் பார்த்து, வாசிக்க வந்த பிறகே அச்சுக்குக் கொடுத்தாள்.

முனியம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு புதுப் பத்திரிகையை வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கனகலட்சுமியும் கூடவே போனாள்.

"மொதப் பத்திரிகை உனுக்குத்தான்டா. எடுத்துக்கோ."

அவர் எடுக்கவில்லை. கண்ணாடிகூட இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே குனிந்து பார்த்தார். கீழ்வரியில் தன் பெயரை உதடசைத்து வாசித்தார்.

தணிகாசலம் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மிச்சத்தையும் குடு. நானே வூடு வூடாப் போயி குடுத்துட்டு, அந்தப் பழச வாங்கியாறேன்."

முனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கனகலட்சுமியைப் பார்த்தார். "மேல பொண்ணு மாப்ள பேரு சோக்கா கீதும்மா. நீயா வரைஞ்ச?"

"கீழ உள்ளதும் நாந்தான் அண்ணாச்சி" என்றாள்.