என் ரத்தம் சொன்ன பதில்

தம்பி காணாமல் போன பத்தாம் நாள் குருசுக்குப்பம் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை, தலையில் வெட்டு. தம்பியோடு பகையாக இருந்தவனைப் போலீஸ் பிடித்துவைத்திருந்தது. செத்தது தம்பிதானா என்று டிஎன்ஏ பார்க்க அம்மாவின் ரத்தம் கேட்டார்கள். "நானே வரேன்" என்றாள் அம்மா. "மூத்தவன் நானிருக்க நீ எதுக்கு அலையற?" என்று அதட்டிவிட்டு நான்தான் கையை நீட்டினேன்.

சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. "உங்களுக்கும் இந்த உடலுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல. இது உங்க தம்பி இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். பிடித்தவனை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் எல்லாரும் சாமி கும்பிட்டார்கள். அப்போ அவன் எங்கதான் போய்த் தொலைந்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷப்படுவதா, இன்னும் தேடுவதா, ஒன்றும் புரியவில்லை.

அம்மா மட்டும் சாமி படத்துப் பக்கமே வரவில்லை. சின்ன வயதில் நான் அடம்பிடித்தால் "உன்னத் தவிட்டுக்கு வாங்கினேன்டா" என்பாள். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சொல்கிற கேலிதானே என்று நானும் சிரிப்பேன்.

அன்று சாயங்காலம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "என் ரத்தத்த எடுத்துப் பாக்கச் சொல்லுடா."