காதர் கடைக்குப் போகாத மூன்று வருடம்

மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறேன். கோயில் பார்க்க வருகிறவர்கள், "நல்ல சாப்பாடு எங்கண்ணே கிடைக்கும்?" என்று கேட்டால், காதர் கடைத் தெருமுனையில் இறக்கிவிடுவேன். "கறிதோசை சாப்பிடுங்க" என்பேன். நான் மட்டும் உள்ளே போகமாட்டேன்.

காதர் என்னோடு படித்தவன். அடுப்படியில் உட்கார வைத்து எனக்கும் சோறு போட்டவர் அவன் அம்மா. அவர் இறந்த அன்று எனக்குத் திருப்பரங்குன்றத்துக்குக் கல்யாணச் சவாரி இருந்தது. மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் வெட்கமாகிவிட்டது. அப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

போன மாதம் ஒரு கோயம்புத்தூர்த் தம்பதியை அனுப்பிவிட்டு முனையில் காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்த அந்தம்மா சொன்னார்: "யார் அனுப்பினாங்கன்னு கடைக்காரர் கேட்டார். முனையில நிக்கிற ஆட்டோ அண்ணன்னு சொன்னோம். 'அவன் எனக்குத் தெரிஞ்சவன்தான்மா. ஊரையே அனுப்புறான், அவன் எப்ப வாரான்னு கேளுங்க'ன்னாருங்க."

அவர்களை லாட்ஜில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன். காதர் தோசைக்கல் முன்னால் நின்றான்.

"அம்மாவுக்கு வராமப் போயிட்டேன்டா" என்றேன்.

கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டான். பிறகு, "கையக் கழுவிட்டு உக்காரு மாப்ள" என்றான்.

இப்போது வாரம் ஒருமுறை அங்கேதான் சாப்பிடுகிறேன். காதர் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று, உட்காரும்போதெல்லாம் மனசு ஏங்குகிறது.